தங்கை சொல்லிக்கொடுத்த ஜெர்மன்

காது கேட்கிறதா என்று சோதித்துச் சொல்வதுதான் அவளுடைய வேலை. கிளினிக்கின் மூலையில் அறைக்குள் ஓர் அறை. சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்தது. கதவைச் சாத்தினால் வெளியே லாரி போனாலும் உள்ளே தெரியாது. வந்தவரை அதற்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து அவள் மெஷினைத் திருகுவாள். உள்ளே 'பீப்' என்று சத்தம் போகும். கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர், "எனக்கு நல்லாத்தான் கேக்குது, வீட்டுல இருக்கிறவங்கதான் முணுமுணுன்னு பேசறாங்க" என்று அடித்துச் சொல்பவர்கள். அவர்களிடமும் பொறுமையாக இருப்பாள். கிளினிக்கில் அவளுக்கு நல்ல பெயர்.

வீட்டில் அவள் பெயர் 'பீப்'. வைத்தவன் அவளுடைய அண்ணன்.

அண்ணன் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். அவளுக்கு அதே பள்ளியில் இடம் கிடைக்கவில்லை என்று தெருமுனைப் பள்ளியில் போட்டார்கள். அவன் பெரியவனாகி, வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு ஃபோனில் பேசும் ஒரு கம்பெனியில், புதிதாக வருகிறவர்களுக்கு ஆங்கில உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனான். கனவிலும் ஆங்கிலத்தில்தான் புலம்புவான் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். அவனிடம் ஒரு திறமை இருந்தது. யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவான். மாடி வீட்டுக்காரர், பால்காரர், அவனுடைய மேலதிகாரி, யாரும் தப்பவில்லை. அவன் வாயைத் திறந்தால் கூட்டம் சேர்ந்துவிடும்.

ஒருநாள் கிளினிக்குக்கு ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒரு பெரியவர் வந்தார். அவள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை வைத்து, "பீப் கமிங், யூ பிரெஸ்ஸிங். பீப் நோ கமிங், யூ சிட்டிங்" என்றாள். அவருக்குப் புரிந்தது, சோதனையும் நன்றாக முடிந்தது, போகும்போது கை குலுக்கிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் வீட்டில் அவளே சிரித்துச் சிரித்து இந்தக் கதையைச் சொன்னாள். அண்ணனும் சிரித்தான். அவன் அதை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டான் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

அவனுடைய கல்யாண வரவேற்பில் அது வெளியே வந்தது. மண்டபம் நிறையச் சொந்தக்காரர்கள், அவன் ஆபீஸ்காரர்கள், கிளினிக்கிலிருந்து அவள் அழைத்திருந்தவர்கள். அவர்களில் ஒருவன் பேட்டரிக்காரன். காதுக்கருவிகளுக்குப் போடும் பொட்டு பேட்டரிகளைக் கொண்டுவந்து கொடுப்பவன். அவனுக்கும் அவளுக்கும் ஒத்துப்போயிருந்தது. அடுத்த மாதம் வீட்டில் பேசலாம் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் மைக்கைப் பிடித்த அண்ணன், "என் தங்கச்சியோட இங்கிலீஷை நீங்கள்லாம் கேட்டதில்லையே" என்று ஆரம்பித்தான். குரல், கை அசைப்பு, தலையைச் சாய்ப்பது எல்லாம் அச்சு அசல் அவள்தான். "பீப் கமிங், யூ பிரெஸ்ஸிங்!" மண்டபம் அதிர்ந்தது. அதோடு விட்டானா? அவள் சொல்லாததையெல்லாம் சேர்த்துக்கொண்டான். "டாக்டர் கோயிங், யூ வீப்பிங்! பேட்டரி நோ கமிங், ஐ வீப்பிங்!"

பேட்டரிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். மணமகளாக நின்ற அண்ணி மட்டும், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் யார் சிரித்தார்கள், எப்படிச் சிரித்தார்கள் என்பது தங்கைக்கு இன்றைக்கும் வரிசையாகத் தெரியும். அவளும் அன்று சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் இன்னும் அசிங்கம்.

அதற்குப் பிறகு குடும்பத்தில் குழந்தைகள்கூட அவளைப் 'பீப் அத்தை' என்றுதான் கூப்பிட்டார்கள். பேட்டரிக்காரனிடம், "வீட்டுக்கெல்லாம் வர வேண்டாம்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். "ஒரு ஜோக்குக்குச் சிரிச்சது தப்பா?" என்று கேட்டான். அன்றிலிருந்து அவன் பேட்டரி கொண்டுவரும் நாளெல்லாம், கடைசி நோயாளி போகும்வரை தாழ்வாரத்து பெஞ்சில் காக்கவைத்தாள். வருஷக்கணக்கில் உட்கார்ந்தான்.

அண்ணனை அப்படிச் சுலபமாக விட அவளுக்கு மனமில்லை. என்ன செய்வதென்றும் தெரியவில்லை. கறுவிக்கொண்டே இருந்தாள். அவனுக்குத் தெரியாத ஏதாவது ஒன்று தனக்குத் தெரிய வேண்டும், அதுவும் ஒரு மொழியாக இருக்க வேண்டும் என்று மட்டும் பட்டது. மெத்தைக் கடைக்கு மேலே ஒரு மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு இருந்தது, ஆனால் பிரெஞ்சில் அவன் நாலு வார்த்தை வைத்துக்கொண்டு பந்தா பண்ணுவான். ஜெர்மன் இருந்தது. அதில் அவனுக்கு ஒன்றும் தெரியாது. சேர்ந்தாள்.

பாடப்புத்தகத்தில் விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில். ஜெர்மன் படிக்கப் போனவளுக்கு ஆங்கிலத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டியதாயிற்று. படித்தாள். மதிய இடைவேளையில் அந்தப் பஞ்சு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் போட்டுச் சொல்லிப் பார்ப்பாள். எத்தனை தப்பாகச் சொன்னாலும் வெளியே ஒருத்தருக்கும் கேட்காது.

அவளைப் படுத்தியெடுத்தது பால் விவகாரம். தமிழில் மேஜை, நாற்காலி எல்லாம் 'அது'. ஜெர்மனில் மேஜை ஆண்பால், விளக்கு பெண்பால், ஜன்னல் இரண்டும் இல்லாத மூன்றாவது. ஆணுக்கு 'டேர்', பெண்ணுக்கு 'டீ', மற்றதற்கு 'டாஸ்' என்று பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். சாப்பாட்டு மேஜையிலேயே கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி மூன்றாவது. ஏன் என்று கேட்டால் வகுப்பெடுத்தவர் தோளைக் குலுக்கினார். எல்லாவற்றையும்விட, சின்னப் பெண்ணைக் குறிக்கும் வார்த்தையைப் பெண்பாலில் வைக்காமல் டாஸில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். "நாங்க மனுஷங்களே இல்லையா?" என்று அவள் வகுப்பில் கேட்டுவிட்டாள்.

வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே, விளக்கு, கதவு, முள்கரண்டி மூன்றையும் "டீ லாம்ப்பெ, டீ டூர், டீ காபெல்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். "எத்தனை டீதான்டி குடிப்பே?" என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

மனப்பாடம் பண்ணிப் பார்த்தாள், நிற்கவில்லை. பிறகு அவளுக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆண்பால் வார்த்தையெல்லாம் அண்ணனுடைய தலையில் வந்து விழுவதாக நினைத்துக்கொண்டாள். மேஜை விழுந்தது, நாற்காலி விழுந்தது, சாவிக்கொத்து விழுந்தது. குப்பைக்கு ஜெர்மனில் 'முல்' என்று ஏதோ சொல்வார்கள். அது ஆண்பால் என்று பார்த்ததும் அவளுக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. கூடை கூடையாகக் கொட்டினாள். பெண்பாலெல்லாம் அவள் கையில் இருப்பவை: விளக்கு, கத்தரிக்கோல், நாக்கு. டாஸெல்லாம் பேட்டரிக்காரன் காலடியில் உடைந்து கிடப்பவை. அப்படி வைத்துக்கொண்டதும் ஒன்றுகூட மறக்கவில்லை. இலக்கணமும் அவள் பக்கம் வந்தது. ஒரு பொருளை யாராவது அடித்தால், எடுத்தால், உடைத்தால், அதாவது அது செயப்படுபொருளானால், பெண்பாலும் டாஸும் அசையாமல் நிற்கும். 'டேர்' மட்டும் 'டென்' என்று முகம் மாறிப் போகும். அடி விழுந்தால் ஆண்பாலுக்குத்தான் முகம் கோணுகிறது என்று அவளுக்கு அத்தனை பிடித்துப் போயிற்று. பழிவாங்குவதற்கு ஜெர்மனில் என்ன என்று அகராதியில் தேடினாள். ராஹெ. பெண்பால்.

இப்படியே இரண்டு மூன்று படி தேறி மேலே போய்விட்டாள். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணி ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிக்காரர்களே வைத்த வகுப்பில் மொழி படித்துவிட்டு முதலில் அவள் போனாள். பின்னாலேயே அண்ணன் போக வேண்டும். அவன் ஆரம்ப நிலைத் தேர்வில் தேறினால்தான் அனுமதி என்று சொல்லிவிட்டார்கள். அவனும் ஒரு வகுப்பில் போய்ச் சேர்ந்தான். முதல் வாரமே, கல்லூரிப் பிள்ளைகள் நடுவில் வைத்து ஆசிரியை அவனைத் திருத்தினாளாம். அதோடு நின்றுவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"பீப், நீ ஏதோ ஜெர்மன் படிக்கிறியாமே? எனக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடேன். எனக்கெல்லாம் ஒரு தடவை காதுல விழுந்தா போதும், பிடிச்சுக்குவேன். என் தொழிலே அதுதானே."

"புத்தகம் வாங்கிக்கோ அண்ணா."

"புத்தகத்தைத் திறந்தாலே எனக்குத் தூக்கம் வரும். நீ சொல்லு, நான் திருப்பிச் சொல்றேன்." பிறகு சிரித்தான். "என்ன மொழி இது? இங்கிலீஷ்ல பாரு, ஒரே ஒரு 'தி'. கதவுக்கும் தி, கழுதைக்கும் தி. வேலை முடிஞ்சுது. இதுல கதவு பொம்பளையாம்!"

"கதவு ஆம்பளை அண்ணா" என்றாள் அவள். "டேர் டூர்."

யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. அவன் உடனே அதைப் பிடித்துக்கொண்டு, ஜெர்மன்காரனே தோற்றுப்போகும் உச்சரிப்பில், "டேர் டூர்" என்றான். அவளுக்கு இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தானா என்று தோன்றியது.

வாரத்தில் சில நாள் வேலை முடிந்து வந்து உட்காருவான். அவள் சொல்வாள், அவன் திருப்பிச் சொல்வான். வாக்கியம், வினைச்சொல், வணக்கம் சொல்வது, வழி கேட்பது எல்லாவற்றையும் ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்தாள். பாலை மட்டும் மாற்றினாள். ஒன்றுகூட விடவில்லை. மேஜை பெண்ணாயிற்று. நாற்காலி டாஸ் ஆயிற்று. ஜன்னலும் கத்தியும் ஆணாயின. தப்பாகச் சொல்வதற்கு முன்னால் சரியானது எது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று சொன்ன தப்பை நாளைக்கும் மாறாமல் சொல்ல வேண்டும். அதனால் முன்னைவிட அதிகமாகப் படித்தாள்.

ஒருநாள் அவனுக்குச் சந்தேகம் வந்தது. எங்கோ ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தான்.

"மேஜையை டீ டிஷ்னுதானே சொன்னே? இதுல 'டென் டிஷ்'னு போட்டிருக்கே?"

"அது வேற்றுமை அண்ணா. இடத்துக்கு இடம் மாறும். அதெல்லாம் மேல் வகுப்புலதான் வரும், இப்ப போட்டுக் குழப்பிக்காதே."

"ஓ" என்றான். அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் வேற்றுமை என்று அவனே சொல்லிக்கொண்டான்.

மாதங்கள் போயின. ஒருநாள் மதியம் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. அண்ணி. அவர்கள் இருவரும் தனியாக அதிகம் பேசிக்கொண்டதில்லை.

"உங்க அண்ணன் நேத்து வீடியோல ஜெர்மன் பேசிக் காமிச்சார்" என்றாள் அண்ணி. "நீதான் சொல்லிக் கொடுக்கிறியாமே."

"ஆமா அண்ணி."

"நானும் இங்க புதுசா வர்றவங்களைப் பார்த்துட்டுத்தான் இருக்கேன். எல்லாருமே டேர், டீயில தப்பு விடுவாங்க. நானே விடுவேன். ஆனா கண்ணை மூடிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னாக்கூட மூணுல ஒண்ணாவது சரியா விழும்ல? இவருக்கு ஒண்ணுகூட விழல. ஒண்ணே ஒண்ணுகூட. இது படிக்காததால வந்த தப்பு இல்ல. யாரோ உட்கார்ந்து கவனமாப் பண்ணியிருக்காங்க."

அவள் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தாள். பொய் சொல்ல நினைக்கவில்லை.

"நான்தான் பண்ணேன்."

"அந்த ரிசப்ஷனுக்காகவா?"

அதை ஞாபகம் வைத்திருக்கும் இன்னோர் ஆள் இந்த உலகத்தில் இருப்பாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"ஆமா."

பிறகு அண்ணி வேறு குரலில் பேசினாள். "நான் பேசுற ஜெர்மனையும் அவர் பண்ணிக் காட்டறார், தெரியுமா? ஜெர்மனே தெரியாம. எங்க அம்மாவை லைன்ல வெச்சுக்கிட்டு. நானும் சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பரீட்சையில தேறிடுவாரா?"

"தேறிடுவார். டேர், டீ தப்பானா கொஞ்சம் மார்க்தான் குறையும். மத்ததெல்லாம் நல்லாவே சொல்லிக் கொடுத்திருக்கேன்."

"அப்ப நான் ஒண்ணும் சொல்லல. வரட்டும்" என்று அண்ணி வைத்துவிட்டாள்.

அவன் தேறினான். மதிப்பெண் கொஞ்சம் இழுபறிதான். ஆனாலும் கேக் வெட்டினான், "பீப் டீச்சருக்கு ஜே" என்று அவள் வாயில் ஒரு துண்டை ஊட்டினான். அவள் மென்று விழுங்கினாள். அதே மாதம் அவளுக்கும் மேல்நிலைத் தேர்வு இருந்தது. வாய்மொழிச் சோதனையில், எதிரே இருந்த அதிகாரியிடம் அவள் பதற்றமில்லாமல், "டீ டிஷ்" என்றாள். அப்புறம் நாற்காலியை 'டாஸ் ஷ்டூல்' என்றாள். அண்ணனுக்குச் சொல்லிச் சொல்லி அவள் நாக்கும் பழகியிருந்தது. அந்தப் பகுதியில் தோற்றுப்போய், அடுத்த பருவத்தில் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. அதற்காக அவள் வருத்தப்படவில்லை. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அண்ணன் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்த புதிதில், அண்ணியின் வார்டுக்காரர்களை வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். கூட்டத்தைக் கண்டதும் அவனுக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. எழுந்து நின்று கோப்பையைத் தட்டி, ஜெர்மனில் பேச ஆரம்பித்தான். வீட்டைக் காட்டினான், மேஜையைக் காட்டினான், நாற்காலி, ஜன்னல், விளக்கு, கதவு என்று ஒவ்வொன்றாகப் புகழ்ந்தான். உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். அதனால் தப்பு ஒவ்வொன்றும் மணி அடித்த மாதிரி எல்லார் காதிலும் விழுந்தது. முதலில் புன்னகைத்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு தடித்த ஆண் நர்ஸ் தாங்க முடியாமல் எழுந்து, அவனைப் போலவே மார்பை நிமிர்த்திக்கொண்டு, "டீ டிஷ்! டாஸ் ஷ்டூல்!" என்று பேசிக் காட்டினான். அறை முழுக்கச் சிரிப்பு. கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான். ஆனால் அன்றிலிருந்து வார்டில் அவன் பெயர் 'டீ டிஷ்'. அண்ணியைக் கூட்டிப்போக வாசலில் வந்து நின்றால், "டீ டிஷ் வந்தாச்சு" என்று உள்ளே குரல் கொடுத்தார்கள்.

கொஞ்ச நாளில் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அண்ணி சொல்லவில்லை, அவனே புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்திருக்கிறான். அம்மாவுக்கு ஃபோன் போட்டு, தங்கையைக் கூப்பிடச் சொன்னான். அம்மா ஸ்பீக்கரில் போட்டுச் சமையலறை மேடையில் வைத்தாள்.

"பீப், நீ வேணும்னே..."

"என் பேரைச் சொல்லு."

கொஞ்சம் தடுமாறி அவள் பெயரைச் சொன்னான். "வேணும்னே தப்பாச் சொல்லிக் கொடுத்தியா?"

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். ஒண்ணு விடல."

"பைத்தியமா உனக்கு? இங்க என் மானமே போச்சு! ஒவ்வொருத்தனும் என்னை மாதிரியே பேசிக் காட்டறான். எதுக்குடி இப்படிப் பண்ணே?"

அவள் ஃபோனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "பீப் கமிங், யூ பிரெஸ்ஸிங்" என்றாள். மெதுவாக, அவன் அன்று மைக்கில் சொன்ன அதே இழுப்போடு.

அவனுக்கு ஞாபகம் வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்த நேரம்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது.

"அதுக்கா? அது சும்மா ஜோக்கு! எல்லாரும் சிரிச்சாங்க!"

"இதுக்கும் எல்லாரும் சிரிச்சாங்கல்ல?"

அம்மா இடையில் புகுந்தாள். "என்னடி இது, கூடப் பிறந்தவனுக்குப் போய்..."

"நீயும்தான்மா சிரிச்சே" என்றாள் அவள். "கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிச்சே."

அம்மா அடுப்பைக் குறைத்தாள். குறைக்க வேண்டியதே இல்லை, ஏற்கெனவே சின்னதாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் எப்போது வைத்தான் என்று இருவருக்குமே தெரியவில்லை.

அன்று ராத்திரி அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. படுத்ததும் தூங்கிப்போனாள். செய்தது தப்பா என்று பின்னால் சில தடவை யோசித்துப் பார்த்தாள். அண்ணியின் வீட்டில் சிரித்தவர்கள் அண்ணியையும் சேர்த்துத்தானே சிரித்திருப்பார்கள் என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் உறுத்தியது. அதைக் கேட்டும் விட்டாள். "முதல் ரெண்டு நாள் கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றாள் அண்ணி. "ஆனா இப்ப வீட்டுல ரொம்ப அமைதி. யாரையும் பேசிக் காட்டறதில்ல."

அண்ணன் அவளிடம் நேராகப் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பண்டிகை விடுமுறை என்று வந்தால் ஃபோனில் அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிடுவான். அவளும் ஃபோனுக்கு நீட்டிய கையை மடக்கிக்கொள்வாள். குடும்பத்தில் குழந்தைகள் இப்போது அவளை வெறும் அத்தை என்கிறார்கள். யார் சொல்லிவைத்தார்களோ தெரியாது.

போன வாரம் அண்ணி கூப்பிட்டபோது, அவன் அங்கே புதிதாக வந்தவர்களுக்கான இலவச வகுப்பில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறான். ஒவ்வொரு வார்த்தைக்கும் முதலில் தங்கை சொன்னதுதான் வாயில் வருகிறதாம். நாக்கைக் கடித்துக்கொண்டு, நின்று, யோசித்து, அப்புறம் சரியானதைச் சொல்கிறானாம். இது மாற எத்தனை நாளாகும் என்று ஆசிரியரைக் கேட்டதற்கு, ஒன்றும் தெரியாமல் வந்திருந்தால் சீக்கிரம் வந்திருக்கும் என்றாராம்.

"நல்லாப் படிக்கட்டும் அண்ணி" என்றாள் அவள். மனசாரத்தான் சொன்னாள். வெளியே ஒரு பெரியவரைப் பிள்ளைகள் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார்கள்; தனக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று அவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஃபோனை வைத்துவிட்டு அவரை உள்ளே கூப்பிடப் போனாள்.